உபயம்: நித்தியவண்ணம்

சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வாசல் தெளித்துக் கோலமிட்டு, மாட்டுக்குத் தீனி போட்டு முடித்த பிறகு, கொளிஞ்சிவலசுக் காளியாத்தாள் தன் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தாள்; செந்தூர நிறத்தில் அசையாமல் கிடந்த தண்ணீரின்மேல், 'உபயம்: நித்தியவண்ணம் சாயத் தொழிலகம்' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது.

அவள் வாளியை விட்டுப் பார்த்தாள். எழுத்துகள் கலைந்து ஓரமாக ஒதுங்கி நின்று, வாளி மேலே ஏறியதும் மறுபடி ஒன்றையொன்று தேடி வந்து, வரிசை பிசகாமல், ஒற்றுப் பிழைகூட இல்லாமல் சேர்ந்துகொண்டன. சேந்திய வாளிக்குள்ளும் அதே வரி, வாளிக்கு ஏற்ற அளவில் சிறுத்து மிதந்தது. காளியாத்தாள் அந்தத் தண்ணீரை எருமைக்குக் காட்டினாள். எருமை எப்போதும்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆகையால் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை என்று முடிவுசெய்து, எதற்கும் ஊராட்சித் தலைவியின் காதில் ஒரு வார்த்தை போட்டுவைப்போம் என்று கிழக்கு வீதிக்கு நடந்தாள்.

ஊராட்சித் தலைவி பூவாத்தாள். கணவன் பின்னால் நின்று கையெழுத்துப் போடச் சொல்லும் தலைவிகளில் ஒருத்தி அல்லள். கோப்பைப் படிக்காமல் கையெழுத்திட்டாள் என்று அவள் எதிரிகூடச் சொன்னதில்லை. ஆற்றங்கரைச் சாய ஆலை வந்த பிறகு ஊரில் குடிக்கத்தக்க தண்ணீர் இல்லாமற்போனது. வெளிநாட்டார் அடுத்த பருவத்துக்கு என்ன நிறத்தில் உடுத்தப் போகிறார்கள் என்பதை ஆற்றைப் பார்த்தே அறிந்துகொள்ளும் ஊராக அது ஆகிவிட்டிருந்தது. பூவாத்தாள் ஆலை வாசலுக்கு நடையாய் நடந்து, ஒரு சுத்திகரிப்புக் குடிநீர் நிலையத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டுவந்தாள். ஊருக்கு அவள் செய்த பெரிய காரியம் அது. தேர்தலில் அவள் வென்றதும் அதனால்தான். ஆலையில் சாயத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போன அவள் கணவன் மயில்சாமி தொண்டைக்குள் இறக்க முடிந்த தண்ணீரும் அந்த ஒரு தண்ணீர்தான்.

ஆலை அதன்பின் இன்னும் பல கொடுத்தது. பேருந்து நிழற்குடை கொடுத்தது, பள்ளிக்கு மேசை கொடுத்தது, மயானத்துக்குத் தகரக் கொட்டகை கொடுத்தது. ஆலையின் சமூகப் பொறுப்புத் துறைக்கு மேலாளராக வந்திருந்த கிருபாகரன் என்னும் இளைஞர், நல்ல படிப்பும் நல்ல பேச்சும் உடையவர், ஒரு விதி வகுத்திருந்தார்: நிறுவனம் இவ்வூருக்கு வழங்கும் எதுவும் நிறுவனத்தின் பெயரின்றி இருத்தல் ஆகாது, பெயர் சாலையிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும். அந்த விதியை ஊர் குறைகூறவில்லை. கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கொடையாளி பெயர் எழுதும் ஊருக்கு, அது நியாயமாகவே பட்டது.

காளியாத்தாள் சொன்னதைக் கேட்டதும் பூவாத்தாள் முதலில் வரவழைத்தது, ஆலைக்குப் பெயர் எழுதும் பெயிண்டர் சடையப்பனை.

"ஏனுங் தலைவரம்மா, நானு செவுத்துல எழுதறவன். தண்ணி மேல எழுதத் தெரிஞ்சிருந்தா இந்த ஊர்ல எதுக்குங்க கெடக்கறேன்?" என்றான் சடையப்பன். பிறகு கிணற்றுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, பொறாமை மறையாத குரலில், "அந்த 'ழி'யோட சுழியப் பாருங்க. என்ற கைக்கு அது வராதுங்க" என்றான்.

வைகாசிக்குள் எழுத்து ஊரெங்கும் பரவியது. கருகிய தென்னை மட்டைகளில் நரம்போடு நரம்பாக ஓடியது. வெள்ளையாய் உப்புப் பூத்த வயல்களில், பாத்திக்கு ஒரு வரியாகப் படர்ந்தது. ஆற்றில் செத்து மிதந்த கெளுத்தியின் வயிற்றில் இருந்தது. பிள்ளைகளின் மஞ்சளித்த நகங்களில், ஒரு கையின் ஐந்து நகங்களுக்கும் பங்கிட்டுப் பொடிப்பொடியாக வந்தது. மருதாணி வைத்து மறைத்தால், சிவப்பின்மேல் வெள்ளையாய் எழும்பி வந்தது. பால் ஆடையின்மேலும் தெரிந்ததால், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், விளம்பரம் போட்ட பாலை வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்று கேனைத் திருப்பி அனுப்பினார்.

மயில்சாமியை நகரத்துக்கு அழைத்துப்போய் நெஞ்சுப் படம் எடுத்தபோது, படம் எடுத்தவர் இரண்டுமுறை வெளியே வந்து பார்த்தார்.

"பெரியவரே, சட்டப் பையில அட்டை ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? படத்துல எழுத்து விழுது."

"சட்டையே போடலியே தம்பி."

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடது நுரையீரலில் 'உபயம்' என்பதையும் வலது நுரையீரலில் மீதியையும் வாய்க்குள் படித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல தண்ணீர் தவிர வேறு தண்ணீர் குடிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்த மயில்சாமி, பேருந்து வரும்வரை சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று.

"பூவா, ஊருக்குள்ள எத்தன பெரிய மனுசன் செத்தான், ஒருத்தனுக்காச்சும் கல்வெட்டு வெச்சாங்களா? எனக்குப் பாரு, உசுரோட இருக்கறப்பவே வெச்சுட்டாங்க."

"வாய மூடிட்டு மூச்ச விடுங்க" என்றாள் பூவாத்தாள். படத்தை வாங்கி, மடங்காமல் மார்போடு பிடித்துக்கொண்டாள்.

எந்த அதிசயமும் ஊருக்குள் வந்து சில காலம் குடியிருந்தால், ஊர் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி வேலை கொடுத்துவிடுகிறது. கொளிஞ்சிவலசிலும் அப்படியே ஆயிற்று. பால்வாடிப் பிள்ளைகள் 'உ' என்னும் எழுத்தைக் கிணற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் ஜாதகத்துக்கு முன்னால் நகத்தைக் காட்டச் சொன்னார்கள். உள்ளூர்ப் பெண்கள் மாப்பிள்ளையின் நகத்தையும் காட்டச் சொன்னார்கள். எழுத்து எதையும் மிகைப்படுத்தவில்லை என்பதையும் ஊர் மெல்லக் கண்டுகொண்டது. தேர்தலில் பூவாத்தாளிடம் தோற்றிருந்த நாச்சிமுத்து, தன் கிடாய் ஒன்று செத்தபோது, ஆலையிடம் கிடாய்க்கு மாற்றுக் கிடாய் கேட்கலாம் என்று ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு எழுத்துக்காகக் காத்திருந்தார். கொம்பைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், நாக்கை இழுத்துப் பார்த்தார். ஓர் எழுத்தும் வரவில்லை. வயிற்றைக் கிழித்தால் உள்ளே அவர் வீட்டுப் பாலித்தீன் பை இருந்தது.

"உபயம் நாச்சிமுத்துன்னு எழுதிப் போடுங்கண்ணா" என்றாள் காளியாத்தாள். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எழுத்தின் நேர்மையை யாரும் ஐயப்படவில்லை. எழுத்து வந்தால் ஆலை, வராவிட்டால் நாம் என்று வீட்டுச் சண்டைகள்கூடச் சீக்கிரம் தீர்ந்தன.

ஆலை அவ்வளவு எளிதாகப் பழகிக்கொள்ளவில்லை. முதலில் அது ஒருவகைப் பாசி என்று சொல்ல ஆள் அனுப்பியது. அடுத்து, சுரண்டுவதற்கு ஆள் அனுப்பியது. வந்தவர்கள் கிணற்றுத் தண்ணீரை எதைக்கொண்டு சுரண்டுவது என்று தெரியாமல் திரும்பினார்கள். பிறகு, முன் அனுமதி பெறாமல் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் கிணறு, கால்நடை, உடல் உறுப்பு ஆகியவற்றில் பயன்படுத்தி வருவதை ஊர் உடனே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வக்கீல் கடிதம் வந்தது. பூவாத்தாள் அதை ஒலிபெருக்கியில் படித்துக் காட்டினாள். காளியாத்தாள் போய், அப்படியே எருமையிடமும் சொன்னாள்.

இறுதியாக ஆலை, பெரிய இடங்களில் யோசித்துத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நித்தியவண்ணம் இனிமேல் பசுந்தென்றல் என்று பதிவாயிற்று. பெயரோடு இருந்த பழைய விளக்குச் சின்னம் போய் இலைச் சின்னம் வந்தது. பதிவு முடிந்த மறுநாள் காலையில் கிணற்றிலும் மட்டையிலும் மீன் வயிற்றிலும் நகத்திலும் பெயர் மாறியிருந்தது. இலைக்கு நரம்புகூட வந்திருந்தது. பேருந்து நிழற்குடையில் மட்டும் நெடுநாள் பழைய பெயரே இருந்தது. அதற்குச் சடையப்பன் ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது.

ஆடி மாதத்தில் கிருபாகரன் பூவாத்தாளின் வீட்டுக்கு வந்தார். மயில்சாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நாற்காலியைக் காட்டினான். கிருபாகரன் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு, நல்ல செய்தியை முதலில் சொன்னார். ஊருக்கு ஒரு மருத்துவமனை வரப்போகிறது. நிர்வாக இயக்குநரே சுதந்திர தினத்துக் கிராம சபைக்கு வந்து அறிவிக்கிறார். சபை ஒரே ஒரு தீர்மானம் போட்டால் போதும்: ஊரில் காணப்படும் எழுத்துக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை, ஆற்றங்கரையில் இரண்டாவது ஆலைக்கு ஊர் மனமுவந்து ஒப்புகிறது.

"போடலீன்னா?" என்றாள் பூவாத்தாள்.

கிருபாகரன் தரையைப் பார்த்தார். "எழுத்து எங்களுது இல்லைன்னு நீங்க சொல்லாத வரைக்கும், இந்த ஊர்ல எங்க பேர் போட்ட எதையும் நடத்த முடியாதுன்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்கம்மா. குடிதண்ணி நிலையமும் பேர் போட்டதுதானே."

"ஆலையுந்தான் பேரு போட்டதுங் தம்பி. அத மூடுவீங்களா?"

மயில்சாமிக்கு இருமல் வந்தது. பூவாத்தாள் செம்பை எடுத்து, நிலையத்துத் தண்ணீரை அவன் வாயருகே பிடித்தாள்.

"நான் நல்லது செய்யணும்னுதாம்மா இந்த வேலைக்கு வந்தேன்" என்றார் கிருபாகரன், எழுந்து நின்று. "நீங்க யோசிச்சுப் பாருங்க. அய்யாவுக்காகவாச்சும்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டபோது, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தம் நகங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பூவாத்தாள் யோசித்தாள். தீர்மானம் போட்டால் தண்ணீர் இருக்கும், மருத்துவமனை வரும், அடுத்த தேர்தலும் அவளுக்கே. போடாவிட்டால், எந்த நிலையத்தை நடையாய் நடந்து கொண்டுவந்தாளோ அதைத் தானே மூடியவள் ஆவாள். மயில்சாமியின் தொண்டைக்கு நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள கரட்டுப்பாளையத்திலிருந்து சுமந்து வர வேண்டும். சந்தைக்குப் போகும்போதும் யோசித்தாள், சோறு வடிக்கும்போதும் யோசித்தாள். தாய்மாமன் வீட்டுச் சீர் வந்த ஒரு காதுகுத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு வழி தெரிந்தது. தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொன்னார்கள். வாங்கியவர்கள் கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு மறுசீர் எடுத்துப்போக வேண்டியதை அப்போதே பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து மயில்சாமியிடம் சொன்னாள். "பேரு சொல்லிக் குடுத்தா அது சீரு. நாம மறுசீரு வெக்காம இருந்துட்டமுங்க."

அவன் அவளைப் பார்த்தான். என்ன சொல்ல வருகிறாள் என்பது அவனுக்கு விளங்கியது. அதனால் யாருக்குத் தாகம் எடுக்கும் என்பதும் விளங்கியது.

"என்ற படத்தையும் ஒரு தட்டுல வெய்யி" என்றான். "அது நல்லா விழுந்திருக்குது."

சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. பந்தலும் ஆலையின் உபயம். கொடியேற்றம் முடிந்து, நிர்வாக இயக்குநர் வெள்ளைச் சட்டையில், கனிந்த முகத்தோடு மேடையில் அமர்ந்திருந்தார். அவர் முன்னால் மருத்துவமனையின் மாதிரி உருவம், சின்னஞ்சிறு மரங்களோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஊர் அறிந்த குரலுக்குச் சொந்தக்காரரான மைக் பொன்னுரங்கத்தை ஆலையே அமர்த்தியிருந்தது. அவர் சுற்று வட்டாரத்து அத்தனை விசேஷங்களிலும் சீர் படித்தவர். கண்முன் ஒரு தட்டு உயர்ந்தால் அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் இருக்க அவர் வாய்க்குத் தெரியாது.

இயக்குநர் பேச எழுந்த நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. கிழக்கு வீதியிலிருந்து சீர் வந்தது. பெண்கள் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, மஞ்சளும் வெற்றிலையும் முன்னால் போக, சிவப்புத் துணி மூடிய தாம்பாளங்களை ஏந்தி, சம்பந்தி வீட்டுக்குப் போகும் நடையில், அவசரப்படாமல் வந்தார்கள். காளியாத்தாள் முதல் தட்டின் துணியை விலக்கி மேடையருகே உயர்த்தினாள்.

"கெணத்துத் தண்ணி ஒரு செம்பு" என்று பொன்னுரங்கத்தின் குரல் மைதானம் முழுக்க ஒலித்தது. "உபயம், பசுந்தென்றல் குழுமம்."

அடுத்த தட்டு உயர்ந்தது. "உதிர்ந்த தென்னங்குரும்பை ஒரு தட்டு. உபயம், பசுந்தென்றல் குழுமம். உப்பு மண் ஒரு தட்டு. உபயம், அதே குழுமம். கெளுத்தி முள்ளு, பால் ஆடை, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளோட நகம். உபயம்..." அப்போதுதான் தாம் என்ன படிக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது, ஆனால் தட்டுகள் வந்துகொண்டிருந்தன, வந்த தட்டைப் படிக்காமல் விட்டால் கொண்டுவந்தவரை அவமதித்ததாகும். ஆலை ஆள் ஒருவர் ஓடிப்போய் மைக் வயரைப் பிடுங்கினார். பொன்னுரங்கம் மைக் இல்லாமலே படித்தார். "மயில்சாமியோட நெஞ்சு, படம் ஒன்னு. உபயம், பசுந்தென்றல் குழுமம்."

இயக்குநர் மேடையின் ஓரத்துக்கு வந்தார். குரலை உயர்த்தாமல், "என்னம்மா இது?" என்று பூவாத்தாளைக் கேட்டார்.

"மறுசீருங்க. பேரு போட்டு ஊரறியக் குடுத்தீங்க. வாங்கினதத் திருப்பி வெக்கறது எங்க மொறை. முடிஞ்சதெல்லாம் கொண்டாந்துட்டோம். ஆறும் கெணறும் பெருசுங்க, தூக்க முடியல. நீங்களே வந்து எடுத்துக்கோணும்."

"நாங்க செஞ்ச நல்லது எதுவும் உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியாம என்னுங்க. ரோட்டுல போறவங்களுக்கே தெரியற மாதிரி எழுதியிருக்குதுங்களே."

கூட்டத்தில் சிரிப்பு ஓடியது. இயக்குநர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மருத்துவமனைப் பெட்டியின்மேல் கை வைத்து, "இது வேண்டாமா? உங்க வீட்டுக்காரருக்கே உதவுமே" என்றார்.

பூவாத்தாள் மயில்சாமி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். அவன் சவுக்குக் கம்பத்தில் சாய்ந்து, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீக்கும் உங்களுது, வைத்தியமும் உங்களுதுன்னா, எங்களுதுன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல எதுங்க மிச்சம்?" என்றாள். பிறகு தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, குடிநீர் நிலையத்தின் சாவியை எடுத்து, வெறுமையாய் வைத்திருந்த கடைசித் தாம்பாளத்தில் வைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள். "இதையும் கேட்டு வாங்கினவ நான்தான். நீங்க புடுங்கறதுக்கு முன்னால நானே வெச்சர்றேன்."

சிரிப்பு நின்றது. சாவியைப் பார்த்ததும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் வீட்டு அடுப்படியும் காலிக் குடமும் நினைவுக்கு வந்தன. பூவாத்தாளுக்கு அது தெரிந்தே இருந்தது. தாம்பாளத்தை மேடையில் வைத்துவிட்டு, தலைவிக்குரிய நாற்காலியருகே போய் நின்று, தீர்மானத்தை ஒரு சொல் விடாமல் படித்தாள்.

"இத எதுக்கறவங்க கையத் தூக்கலாம்" என்று சொல்லித் தன் கையை உயர்த்தினாள்.

அந்தக் கை தனியாக நின்றது. மேளக்காரர் தோளிலிருந்த வாரைச் சரிசெய்துகொண்டார். பந்தல் துணி காற்றில் படபடத்தது. கிருபாகரன் மேடையின் பின்னால் தலை குனிந்து நின்றார். அவள் கை இறங்கவில்லை.

ஆண்கள் பக்கத்திலிருந்து நாச்சிமுத்து எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தினார்.

"உனக்காகன்னு நெனச்சுக்காத அம்மிணி. அடுத்த எலெக்சன்ல உன்னத் தோக்கடிக்கோணும்னா, மொதல்ல ஊருன்னு ஒன்னு இருக்கோணுமல்ல?"

"நின்னு பாருங்கண்ணா" என்றாள் பூவாத்தாள், கையை இறக்காமல்.

காளியாத்தாள் இரண்டு கைகளையும் தூக்கினாள். ஒருவருக்கு ஒரு கைதான் கணக்கு என்று யாரோ சொன்னதற்கு, இன்னொன்று எருமைக்கு என்றாள். அதன்பின் தட்டு ஏந்தி வந்தவர்கள் தூக்கினார்கள், தட்டு ஏந்தாதவர்கள் தூக்கினார்கள், சடையப்பன் பெயிண்டு படிந்த கையைத் தூக்கினான், பொன்னுரங்கம் தம் சொந்த ஊர் இது இல்லை என்பதை மறந்து தூக்கி, பிறகு நினைவு வந்து, அப்படியே வைத்துக்கொண்டார். உயர்ந்த விரல்களின் நகங்களில் நீல எழுத்து வெயில் பட்டுப் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அந்தக் கைகள் உயர்ந்தது எவருடைய உபயமும் அன்று.

உச்சி வேளைக்குள் ஆலை ஆட்கள் நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். மயில்சாமியின் செம்பில் ஒரு மிடறு மீதி இருந்தது. அதைப் பிறகு குடிப்பதாகச் சொல்லி மூடி வைத்துக்கொண்டான். பூவாத்தாள் பட்டுச்சேலையை மாற்றவில்லை. இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒன்றுமாக அவள் வாசல் இறங்கியபோது, வீதியில் மற்றவர்களும் குடங்களோடு நின்றிருந்தார்கள். அவர்களும் பட்டில்தான் இருந்தார்கள். கரட்டுப்பாளையத்துக்குப் போகும் தார்ச்சாலையில் எல்லாரும் நடந்தார்கள். வெயில் அடித்தது. முட்டி வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். நாளைக்கும் வலிக்கும், பேசாமல் வா என்றாள் இன்னொருத்தி.

ஆலை விருந்தினர் மாளிகையில் உணவை முடித்துக்கொண்டு நகரத்துக்குத் திரும்பிய இயக்குநரின் கார் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றது. சாலை அகலம் குறைவு, இருபுறமும் வேலமுள். ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்தார். சற்றுப் பொறுத்து மறுபடி அடித்தார். பெண்கள் சாலையை அடைத்துக்கொண்டு, குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றியபடி, ஏதோ கதை பேசிச் சிரித்துக்கொண்டு நடந்தார்கள்.

"ஏனக்கா, ஒதுங்கோணுமா?" என்றாள் ஒருத்தி.

பூவாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. "அவசரம்னா எறங்கி நடந்து வரட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, சாலையின் நடுவிலேயே நடந்தாள்.